சேலத்தில் இருந்தே நிரல் எழுதிப் பிழைக்க எந்த மொழி?

கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பெங்களூருக்குப் போக மனமில்லை. “விஷுவல் பேசிக் காலத்திலிருந்து இந்த ஊர்க் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் நிரல் எழுதி வருகிறீர்கள். எத்தனையோ மொழிகளையும் கருவிகளையும் பார்த்திருப்பீர்கள். இங்கேயே பிழைக்க நான் எதைக் கற்பது? ஜாவாவா, பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா?” என்று கேட்கிறார்.

மூன்றும் இல்லை, தம்பி. முதலில் எஸ்க்யூஎல், தரவுத்தளத்தில் எழுதவும் எடுக்கவும் உதவும் மொழி. அதை அரைகுறையாக அல்ல, முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அந்த மூன்றில் எதைத் தொட்டாலும் சோறு போடும்.

காரணம், இந்த ஊர் மென்பொருளை வாங்கும் விதம். ஒரு கடைக்காரர் பில் போடும் மென்பொருள் ஒன்றை வாங்கினால், அது ஓடும்வரை ஓட்டுவார். பத்து, பதினைந்து ஆண்டு சாதாரணம். நான் தொழிலுக்கு வந்தபோது லீ பஜார் மண்டிகளில் டாஸ் ஃபாக்ஸ்புரோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு விஷுவல் பேசிக்கும் அக்சஸும் வந்தன. அடுத்து பிஎச்பியும் மை-எஸ்க்யூஎல்லும். இப்போது எல்லோருக்கும் கைபேசியில் செயலி வேண்டும். மென்பொருள் மூன்று முறை மாறியும், உள்ளே இருக்கும் கணக்கு மாறவில்லை. 2001இல் பாக்கி வைத்தவர் பெயர் இன்றைய அட்டவணையிலும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் காசு கொடுத்தது புதிய மொழி அறிவு அல்ல; பழைய தரவைச் சேதமில்லாமல் புதிய வீட்டுக்குக் குடிபெயர்க்கத் தெரிந்ததுதான்.

மொழிகளின் ஆயுளைப் பாருங்கள். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998இல்; அதில் நிரல் எழுதும் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004. ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1இல் மங்களம் பாடினார்கள். எஸ்க்யூஎல்லோ, ஐபிஎம்மில் எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையின் அடித்தளத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் உருவாக்கியது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமானது. அன்று அக்சஸில் நான் எழுதிப் பழகிய, தரவை எடுக்கும் செலக்ட் வரியைச் சிறு மாற்றத்தோடு இன்று போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஓட்டலாம். இப்படிப்பட்ட முதலீடு நம் தொழிலில் அபூர்வம்.

சரி, எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டால் மட்டும் போதுமா? போதாது. கணக்கு எப்படி நடக்கிறது என்று புரிய வேண்டும். அதற்கு உங்களுக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் பட்டறைக் கணக்கைவிடச் சிக்கலான பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. வியாபாரி சுத்த வெள்ளிக் கட்டி கொடுக்கிறார். பட்டறை கொலுசாகத் திருப்பித் தருகிறது. கூலி ரூபாயில், வெள்ளி பாக்கி கிராமில். ஒரே ஆளுக்கு இரண்டு பேரேடு, இரண்டு அலகு. ரூபாயில் அவர் நமக்குத் தர வேண்டியிருக்கும். அதே நாளில் வெள்ளியில் நாம் அவருக்குத் தர வேண்டியிருக்கும். சந்தையில் கிடைக்கும் பெரிய கணக்கு மென்பொருள்கள் பலவும் எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கவே விரும்பும். அதனால்தான் இந்தத் தெருவில் உள்ளூர் நிரலாளருக்கு இன்றும் வேலை இருக்கிறது.

ஒரு வரவை நெருங்கிப் பார்ப்போம். 187.350 கிராம் கொலுசு, 72.5 டச். அதாவது நூற்றுக்கு 72.5 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி எவ்வளவு? 135.82875 கிராம். இதை எந்த இலக்கத்தில் நிறுத்துவது? மில்லிகிராமில் நிறுத்தினால் 135.829. ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கூட்டுவதா, கூட்டிவிட்டுக் கடைசியில் நிறுத்துவதா? இரண்டுக்கும் விடை வேறு. இது நிரலாளர் முடிவு செய்யும் விஷயமல்ல. வியாபாரியும் பட்டறைக்காரரும் காலங்காலமாகப் பேசி வைத்திருக்கும் வழக்கம். கேட்டு எழுத வேண்டும். கேட்காமல் எழுதியவர்களின் மென்பொருளை மாற்றித்தான் நான் பாதிக் காலம் பிழைத்தேன்.

இங்கேதான் மொழிகளின் குணம் தெரியும். கணினி தசமங்களை இரும எண்ணாக வைக்கிறது, 0.1 என்பதை அதனால் துல்லியமாக வைக்கவே முடியாது. ஐஇஇஇ 754 என்ற 1985ஆம் ஆண்டுத் தரநிலையைப் பின்பற்றும் எல்லா மொழிகளுக்கும் இதே கதிதான். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பிஎச்பி அதையே 0.3 என்று அச்சிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடும். எது மேல்? என்னைக் கேட்டால், குற்றத்தை வெளியே காட்டும் மொழிதான் மேல். பல கடைகளில் இதன் விளைவு எப்படித் தெரியவரும் தெரியுமா? கணக்கை முழுதாகத் தீர்த்துவிட்ட ஒருவர் பெயர் ‘பாக்கி உள்ளவர்கள்’ பட்டியலில் மாதக்கணக்காக நிற்கும். பக்கத்தில் தொகை 0.000 என்று இருக்கும். நிரல் ‘பாக்கி பூஜ்யமா’ என்று கேட்கிறது. உள்ளே ஏதோ பதினைந்தாவது இலக்கத்தில் ஒரு துளி மிச்சம் இருக்கிறது. ஆகவே பூஜ்யம் இல்லை என்கிறது. முதலாளி உங்களைத்தான் கூப்பிடுவார்.

வழி எளிது. எடையை மில்லிகிராமாக, தொகையைப் பைசாவாக, டச்சைப் பத்தில் ஒரு பங்கு விழுக்காடாக, எல்லாவற்றையும் முழு எண்ணாக வைத்துவிடுங்கள். 187350ஐ 725ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் முடிந்தது. அல்லது போஸ்ட்கிரெஸில் நியூமரிக், பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் என்று தசமத்தை அப்படியே வைக்கும் வகைகள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் ஏளனம் செய்த விஷுவல் பேசிக் 6இல் கரன்சி என்றே ஒரு தரவு வகை இருந்தது. உள்ளே பத்தாயிரத்தால் பெருக்கிய முழு எண். உலகத்தையே ஓட்டுவதாகச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்டில் அப்படி ஒன்று மொழியோடு வரவில்லை, அதில் 1.005ஐ டூஃபிக்ஸ்டு என்ற செயற்கூறு கொண்டு இரண்டு இலக்கத்துக்கு நிறுத்தினால் 1.01 வராது, 1.00 வரும்.

இன்னொன்று, பழைய மென்பொருளைப் புதிய மொழிக்கு மாற்றும்போது மட்டும் கடிக்கும். விஷுவல் பேசிக் 6இல் எண்ணை முழுதாக்கும் ரவுண்ட் செயற்கூறு சரிபாதியைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும், 2.5 அங்கே 2. பைத்தான் 3லும் அப்படியே. பிஎச்பியில் 3. அதனால் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்தால் எங்காவது ஒரு பைசா இடிக்கும். பைசாதானே என்று நீங்கள் நினைக்கலாம். இருபது ஆண்டு பேரேட்டை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கணக்குப்பிள்ளை புதிய மென்பொருளுக்குத் தலையாட்டுவார்; ஒரு பைசா இடித்தால் மொத்தக் கணக்கிலும் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்தது விலை. வெள்ளி விலை தினமும் மாறும். வெள்ளி நகைக்கு மூன்று விழுக்காடு ஜிஎஸ்டி, 2017 ஜூலை 1 முதல். அதற்கு முன் வாட். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கு எழுதினால் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து விலை போடுவார்கள். பாயிண்ட் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். விலையைத் தனி அட்டவணையில் மட்டும் வைத்து, பழைய பில்லைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்துக் கணக்கிட்டால், போன ஆண்டு பில் இன்றைய விலையில் அச்சாகும். அன்றைய விலையை அன்றைய பதிவோடு சேர்த்தே எழுத வேண்டும். இது மொழிப் பிரச்சினையே அல்ல என்பதைக் கவனியுங்கள்.

தராசுக்கு வருவோம், கல்லூரியில் யாரும் சொல்லித்தராத இடம் அது. எடையைக் கையால் தட்டச்சு செய்தால் பிழையும் வரும், சண்டையும் வரும். மின்னணுத் தராசின் பின்னால் ஆர்எஸ்-232 சீரியல் வாய் இருக்கும். பல தராசுகள் 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்து, எடையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் படிக்கப் போகும் நேரம் வரியின் நடுவில் இருக்கலாம், 187.350 என்பதற்குப் பதில் 7.350 என்று கிடைக்கும். அதுவும் சரியான எண் போலவே இருப்பதால் நிரல் முணுமுணுக்காமல் எடுத்துக்கொள்ளும். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்து, முதல் துண்டைத் தூக்கியெறிந்து, அடுத்த முழு வரியைத்தான் நம்ப வேண்டும். தட்டில் கொலுசை வைத்ததும் எடை ஆடும். தலைக்குமேல் மின்விசிறி சுற்றினால் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது. சில தராசுகள் எடை நிலைத்துவிட்டதா என்பதையும் சேர்த்தே அனுப்பும். அனுப்பாத தராசில், தொடர்ந்து சில முறை ஒரே எடை வந்தால்தான் ஏற்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

இதை விஷுவல் பேசிக்கில் எம்எஸ்காம் கொண்டு எழுதினோம். பைத்தானில் பைசீரியல். 2021இல் வந்த குரோம் 89 முதல் வெப் சீரியல் மூலம் பிரவுசரிலிருந்தே தராசோடு பேசலாம். உண்மையாகவே நல்ல முன்னேற்றம். ஆனால் மூன்றிலும் அதே அரைவரித் தொல்லை. கூடவே இன்னொரு தொல்லை: இப்போதைய கணினிகளில் சீரியல் வாய் இல்லாததால் யூஎஸ்பி மாற்றி போடுவார்கள். பெருக்கித் துடைக்கும்போது அதைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினால் கணினி அந்த வாய்க்கு வைத்த காம் 3 என்ற பெயர் காம் 7 ஆகிவிடும். ‘தராசு செத்துப்போச்சு’ என்று காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இதுதான். எந்தத் துளையில் இருந்தாலும் தானே தேடிக் கண்டுபிடிக்கும்படி எழுதிவிட்டால் பாதி நடை மிச்சம்.

தமிழ் எழுத்து இன்னொரு தனி உலகம். பெயர்களைத் தமிழில் வைக்கத்தான் கடைக்காரர்கள் விரும்புகிறார்கள். ‘கொலுசு’ நமக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஆறு குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பதினெட்டு பைட். பைத்தான் நீளம் கேட்டால் 6 என்கிறது, பிஎச்பியின் ஸ்டிர்லென் 18 என்கிறது. பில்லில் இடம் போதவில்லையென்று பைட் கணக்கில் வெட்டினால் எழுத்து நடுவில் உடைந்து கேள்விக்குறியாக அச்சாகும். வரிசைப்படுத்தலிலும் கவனம் வேண்டும்: யூனிகோடு அட்டவணையில் ற, ரவுக்குப் பக்கத்திலும், ன, நவுக்குப் பக்கத்திலும் இருக்கின்றன, நம் நெடுங்கணக்கில் அவை கடைசி. தமிழுக்கான வரிசை விதியைத் தரவுத்தளத்திடம் சொல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல் கோணலாகத்தான் வரும்.

தேடலில்தான் உண்மையான கண்ணாமூச்சி. ‘கௌரி’ என்று ஒருவர் ஔகாரக் குறியோடு தட்டச்சு செய்வார். இன்னொருவர் எகரக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரி’ என்பார். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு இரண்டு பேர். ஒருவர் பாக்கி இரண்டு கணக்கில் பிரிந்து நிற்கும். யூனிகோடின் சீராக்கம் இதைச் சரிசெய்யாது. ‘கொ’வை எகரக் கொம்பு தனி, கால் தனி என்று உடைத்துத் தட்டச்சு செய்திருந்தால் அதை மட்டும் ஒன்றாக்கிக் கொடுக்கும். எனக்கு முன் ஒரு கடையில் வேலை பார்த்தவர், ‘ெள’ வரும் இடத்தையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும் ஒற்றை வரியை ஓட்டிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக் கடை அது. பொருள் பெயர் முழுக்க ‘வெள்ளி’. அந்த ளகரத்துக்கு மேல் புள்ளி இருக்கிறதே! அத்தனை பொருளும் படிக்க முடியாத கோலமாகிவிட்டது. ளவுக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் தொடக்கூடாது. மிச்சத்தைப் பட்டியல் எடுத்து, கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட மொழிகள். பிஎச்பியைத் திட்டுவது நாகரிகமாக இருக்கலாம். மலிவான சர்வரில் கோப்பைப் போட்டால் ஓடுகிறது, 2015இன் 7ஆம் பதிப்புக்குப் பின் வேகமும் குறைவில்லை. பழைய மை-எஸ்க்யூஎல் செயற்கூறுகளை அந்தப் பதிப்பில் நீக்கியபோது ஊரெங்கும் பல தளங்கள் படுத்தன. அந்த ஆண்டுகளில் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பைத்தான் தரவைப் புரட்டிப் போட ஒப்பற்றது; ஆனால் கடைக் கணினியில் நிறுவிக் கொடுப்பது தலைவலி. ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்க்க முடியாது. அதற்கு வகைச் சோதனை சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் வழியாகவே எழுதுங்கள், கிராமையும் மில்லிகிராமையும் குழப்பினால் எழுதும்போதே தடுக்கும்படி வகைகளை அமைக்கலாம். ஜாவா வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும். கடைத்தெருவில் எனக்கு அதன் தேவை அதிகம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது கூகுளின் கோ மொழி. அழகுக்காக அல்ல, உண்மையில் எழுதச் சலிப்பூட்டும் மொழி. ஆனால் தொகுத்தால் ஒரே ஒரு கோப்பு. பென் டிரைவில் எடுத்துப்போய் வைத்தால் ஓடும். எதையும் நிறுவ வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தோடு சேர்த்துவிட்டால் தரவும் ஒரே கோப்பு. மின்சாரம் நடுவில் போனாலும் பாதி எழுதிய பதிவை அடுத்த முறை திறக்கும்போது தானே பின்வாங்கிக்கொள்ளும். 2011, 2012 மின்வெட்டுக் காலத்தில் அக்சஸ் கோப்புகளைப் பழுது பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு எச்சரிக்கை: இங்கே பல கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 உண்டு. கோ 1.20, பைத்தான் 3.8, குரோம் 109 ஆகியவைதான் அதற்குக் கடைசி. மொழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கடைக்குப் போய்க் கணினியைப் பாருங்கள்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் வேலை உண்டு, ஆனால் அங்கே நிலைமை தலைகீழ். செக்ரோல் என்று அவர்கள் சொல்லும் ஆள் பதிவேடும், பழம் பறிக்கும் காலத்தில் ஒவ்வொருவர் பறித்த எடையும் கைபேசியில் ஏற வேண்டும். சேர்வராயன் மலையின் சரிவுகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே பதிவு முதலில் கைபேசியிலுள்ள எஸ்க்யூலைட்டில். மேஸ்திரி மாலையில் அலுவலகத்துக்கு வந்ததும் சர்வருக்கு. இரண்டு மேஸ்திரிகளின் கைபேசியும் 1, 2, 3 என்று எண் கொடுத்தால் சர்வரில் மோதும், அதனால் யூயூஐடி, எந்தக் கைபேசி உருவாக்கினாலும் மோதாத நீண்ட அடையாள எண். கைபேசிக் கடிகாரத்தையும் நம்ப முடியாது, சர்வர் பெற்ற நேரத்தையும் தனியே குறிக்க வேண்டும். தவறான எடையை அழித்துத் திருத்த விடாமல், எதிர்ப்பதிவு போட்டுத் திருத்த வைத்தால் கூலித் தகராறு வரும்போது யார் என்ன எழுதினார் என்று காட்டலாம். ஆண்ட்ராய்டுக்கு இப்போது கோட்லின். 2019 முதல் கூகுளே அதைத்தான் முன்னிறுத்துகிறது. பனியில் நனைந்த விரலுக்குச் சிறிய பொத்தான் வேலை செய்யாது என்பதை மட்டும் எந்த மொழியும் சொல்லித்தராது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிரலின் பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட் கட்டாயம். ஒவ்வொரு கடைக்கும் எந்தப் பதிப்பு போயிருக்கிறது என்று அதில் அடையாளமிட்டு வையுங்கள். பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், மாதம் ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே ஒத்துக்கொள்வதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன்; பழைய விஷுவல் பேசிக் நிரலைப் படித்து விளக்கச் சொன்னால் நன்றாகவே சொல்கின்றன. ஆனால் வெள்ளிக் கணக்குக்கு அட்டவணை கேட்டால் எடையை, 0.1ஐத் துல்லியமாக வைக்க முடியாத அந்த மிதவைப் புள்ளி எண்ணாகப் போட்டுக் கொடுத்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கடைசியாகப் பணம், ஏனென்றால் நீங்கள் கேட்டது பிழைப்பைப் பற்றி. நிரலின் விலையைவிட ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில்தான் வீடு நடக்கும். அதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். தெரிந்தவர், உறவுக்காரர் என்றால் இரண்டு படி எழுதுங்கள். அதே தாளில், தரவு கடைக்காரருடையது, நிரல் உங்களுடையது என்றும் எழுதிவிடுங்கள். மொத்தக் கணக்கையும் சிஎஸ்வி கோப்பாக எடுக்கும் பொத்தான் ஒன்றை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று பயந்து பலர் இதை வைப்பதில்லை. என் வாடிக்கையாளர்களில் அந்தப் பொத்தானை அழுத்திக் கணக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் அதே கோப்போடு திரும்பியும் வந்திருக்கிறார்கள், அதை ஏற்றிக்கொடுக்கத் தனிக் கட்டணம் வாங்கியிருக்கிறேன்.